கடல் பக்கத்துல இருந்தும் கடல் தெரியாதவங்களுக்கு: குமரி-கேரள எல்லைல இருக்கிற நீரோடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எங்க போய் கத்துக்கலாம்

எனக்கு ஊரு குமரி மாவட்டத்துல கருங்கல். வீட்டுல இருந்து கடலுக்கு பத்து கிலோமீட்டர் கூட வராது, ஆனா முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் கடல்னா எனக்கு மீன்கார அக்கா கொண்டு வர்ற சாளையும் அயலையும்தான், அப்புறம் வெளியூர்ல இருந்து விருந்தாளி வந்தா முட்டத்துக்கு கூட்டிட்டுப் போய் லைட்ஹவுஸ் முன்னாடி நிக்க வச்சு ஒரு போட்டோ. எங்க பக்கத்துல இது சாதாரணம்தான், ரப்பரும் வாழையும் வச்சிருக்கிற எங்களுக்கு கடப்புறம், அதாவது கடலோர ஊருங்க, ஏதோ தனி நாடு மாதிரி. நாலு வருஷம் முன்னாடி தேங்காப்பட்டணத்துல ஒரு ஆமை செத்து ஒதுங்கிக் கிடந்துச்சு, பொண்ணு ‘இது ஏம்ப்பா செத்துச்சு’ன்னு கேட்டா, எனக்கு ஒரு வரி பதில் வரல. அதுல பிடிச்ச கிறுக்கு இன்னும் விடல, கடலைப் பத்திக் கத்துக்க கரை கரையா போய்க்கிட்டே இருக்கேன்.

இப்ப மார்த்தாண்டம், குழித்துறை, பாறசாலை பக்கமிருந்து ‘நாங்களும் வரலாமா, எங்க பேர் குடுக்கணும், ஃபீஸ் உண்டா’ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனியா சொல்லி அலுத்துப்போச்சு, அதனால இங்க மொத்தமா எழுதிடுறேன்.

மொதல்ல ஒரு கரையப் பிடிங்க

எந்த குரூப்ல சேரணும்னு தேடுறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. உங்களுக்கு பஸ்ல போய்வர தோதா இருக்கிற ஒரே ஒரு கரை, மாசத்துக்கு ரெண்டு தடவ, ஒரு வருஷம். கன்னியாகுமரி முக்கடல் வேண்டாம், அங்க கூட்டத்தைத்தான் பாப்பீங்க. மாவட்டத்துக்கு சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை இருக்கு, அதுல ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு பாடம். தேங்காப்பட்டணத்துல குழித்துறை ஆறு கடல்ல சேருது, பொழி, அதாவது ஆறு கடல்ல சேர்ற வாய், எப்ப திறக்குது எப்ப மணல் மூடுதுன்னு கவனிச்சாலே பாதி வருஷம் ஓடிரும். மணக்குடில பழையாறு, கூடவே கண்டல் (அலையாத்தி) காடு, பறவை. முட்டம், கடியப்பட்டணம் பக்கம் பாறை. நீரோடி, பொழியூர் பக்கம் மணலும் தூண்டில் வளைவும், அதாவது கடலுக்குள்ள கொக்கி மாதிரி வளைச்சுப் போட்டிருக்கிற கல்லு.

தூண்டில் வளைவு பத்தி கொஞ்சம் சொல்லியாகணும். கல்லுக்கு ஒரு பக்கம் மணல் வந்து குவியும், மறுபக்கம் கரையை கடல் தின்னும், ஏன்னா கரையோரமா ஓடுற மணலை அது மறிச்சிருது. இது புத்தகத்துல நாலு வரில இருக்கும். ஆனா ஒரு குருசடி (சின்ன சிலுவைக் கோயில்) படிக்கட்டுல இருந்து தண்ணி வரைக்கும் எத்தன எட்டுன்னு நீங்களே நடந்து நோட்டுல எழுதி, ஜூன்ல ஒருதடவ டிசம்பர்ல ஒருதடவ எண்ணிப் பாத்தா அப்பதான் அந்த ஊர்க்காரங்க ஏன் கலெக்டர் ஆபீஸுக்கு அலையுறாங்கன்னு புரியும். மழைக்காலத்துல கடல் மணலை எடுக்கும், அப்புறம் கொஞ்சம் திருப்பிக் குடுக்கும், சில இடத்துல குடுக்கவே குடுக்காது.

நோட்டு சாதாரண நாப்பது பக்கம் போதும். தேதி, மணி, பிறையா பௌர்ணமியா, காத்து எங்கிருந்து, தண்ணி கலங்கலா தெளிவா, என்ன ஒதுங்கிக் கிடந்துச்சு. அவ்வளவுதான்.

பேர் குடுத்து சேர்ற மாதிரி என்னெல்லாம் இருக்கு

எளுப்பமானது கடற்கரை சுத்தம் பண்றது. செப்டம்பர் மூணாவது சனிக்கிழமை உலகம் பூராவும் நடக்கும், 1986ல அமெரிக்காவுல டெக்சாஸ் கடற்கரைல தொடங்கினது. நம்ம பக்கம் காலேஜ், என்.எஸ்.எஸ்., பசுமைப்படை பிள்ளைங்க எல்லாம் வருவாங்க, யார் வேணாலும் போகலாம், காசு கிடையாது.

ஆனா எல்லா கிளீனிங்கும் ஒண்ணு கிடையாது. நான் மொதல்ல போனது ஒரு பெரிய ஏற்பாடு, டீசர்ட், தொப்பி, பேனர், விருந்தினர் பேச்சு முக்கால் மணி நேரம், பொறுக்கினது அரை மணி நேரம். அம்பது சாக்கு நிறைஞ்சுச்சு, எல்லாருக்கும் சந்தோசம். அடுத்த வாரம் என் நோட்டை எடுத்துட்டு அதே இடத்துக்குப் போனா சாக்கு அங்கேயே இருக்கு, நாய் கிழிச்சு பாதி திரும்பவும் மணல்ல. அன்னைக்கு எனக்கு வந்த கோவம் இருக்கே. அதனால இப்ப யாரு கூப்பிட்டாலும் ரெண்டே கேள்விதான் கேப்பேன்: சாக்கை எந்த வண்டி எப்ப எடுக்கும்? என்ன எடுத்தோம்னு வகை பிரிச்சு எண்ணி எழுதுவீங்களா? ரெண்டுக்கும் பதில் இல்லன்னா போகாதீங்க. எண்ணி எழுதுறதுதான் இதுல படிப்பு. குடிச்ச பாட்டில் எத்தன, அறுந்த வலை எத்தன, செருப்பு எத்தன, தெர்மக்கோல் எத்தனன்னு பிரிச்சாத்தான் குப்பை கரைல நம்ம போட்டதா, ஆத்துல வந்ததா, கடல்ல இருந்து வந்ததான்னு தெரியும். குழித்துறை ஆத்துப் பாலத்துல நம்ம மேட்டுக்காரங்க வீசுற கவர் எங்க போய் சேருதுன்னு தேங்காப்பட்டணத்துல நின்னு பாருங்க, கடப்புறத்துக்காரனைக் குறை சொல்ற வாய் தானா மூடும்.

2025 மே 25ல எம்.எஸ்.சி எல்சா 3ங்கிற கப்பல் கேரளக் கடல்ல முங்கிச்சு, 640 கன்டெய்னர், அதுல சிலதுல பிளாஸ்டிக் செய்ற மூலப்பொருள், வெள்ளையா துவரம்பருப்பு அளவுல மணிமணியா. அது திருவனந்தபுரம் கரைக்கும் நம்ம குமரிக் கரைக்கும் வந்து ஒதுங்கிச்சு. கையால பொறுக்க முடியாது. எங்களுக்கு பலிச்ச வழி: மேல் மணலை அரை அங்குலம் மட்டும் சிரட்டையால வழிச்சு, கடல் தண்ணி இருக்கிற வாளில போட்டு கலக்குங்க, மணல் அடில போகும், மணி மிதக்கும், டீ வடிகட்டியால அள்ளிடலாம். இன்னும் கிடைக்குது, அதனால வாளியும் வடிகட்டியும் வண்டில கிடக்கட்டும். கையுறை கட்டாயம். சிதறின மணிதான் நம்ம வேலை, சாக்கு, பெட்டி, டப்பான்னு எது ஒதுங்கிக் கிடந்தாலும் தொடாம போலீசுக்குச் சொல்லுங்க.

கேரளா பக்கம் இன்னொண்ணு உண்டு, சுசித்வ சாகரம்னு 2017ல கொல்லம் நீண்டகரைல தொடங்கினாங்க. வலைல மாட்டுற பிளாஸ்டிக்கை திரும்ப கடல்ல போடாம மீனவங்களே கரைக்குக் கொண்டு வந்து குடுப்பாங்க, அதைப் பொடிச்சு ரோடு போட குடுக்கிறது. பேனர் இல்லாம வேலை நடக்கும்னு காட்டினது அது.

ஆமை நடை

எல்லாரும் ஆசப்படுறது இதுக்குத்தான். இது கிளீனிங் மாதிரி இல்ல, நீங்களா கிளம்பிப் போகக் கூடாது. கடலாமை எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, அதாவது புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. முட்டையைத் தொட்டாலே கேசு. அதனால டிசம்பர் தொடங்கும்போதே நாகர்கோவில்ல வனத்துறை ஆபீஸ்ல போய், இந்த வருஷம் எந்தக் கரைல பொரிப்பகம் போடுறீங்க, தன்னார்வலர் வேணுமான்னு நேர்லயே கேளுங்க. போன்ல கேட்டா ‘பாக்கலாம்’னு சொல்லுவாங்க, நேர்ல ரெண்டு தடவ போனா முகம் பழகிடும்.

நம்ம கரைக்கு அதிகமா வர்றது பங்குனி ஆமை. பேராமை, அழுங்காமை, முதுகுல வரி வரியா இருக்கிற ஏழுவரி ஆமைன்னு மத்ததும் உண்டு, ஆனா நீங்க பாக்கப் போறது தொண்ணூறு சதவீதம் பங்குனி ஆமைதான். ராத்திரி ஏறி வந்து, ஒரு முழ ஆழத்துக்கு குழி தோண்டி, நூறு நூத்திருபது முட்டை போட்டு, மூடி, மேல உக்காந்து உடம்பால தட்டி சமன் பண்ணிட்டுப் போகும். ஒண்ணரை மாசத்துல இருந்து ரெண்டு மாசத்துக்குள்ள பொரிக்கும். மணல் சூடு கூடினா பொட்டைக் குஞ்சு, குறைஞ்சா ஆண் குஞ்சு, இது என் பொண்ணுக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். பொரிப்பகத்துல கூட முட்டையை எடுத்துட்டு வந்து அதே ஆழத்துல அதே மாதிரி குடம் வடிவத்துல குழி தோண்டித்தான் வைப்பாங்க.

நான் பண்ணின தப்பை நீங்க பண்ணாதீங்க. மொத ராத்திரி ஆர்வக்கோளாறுல மொபைல் டார்ச் அடிச்சுட்டேன், பாதி ஏறி வந்த ஆமை அப்படியே திரும்பி கடலுக்குப் போயிருச்சு. கூட இருந்த ஒரு பெரியவர் திட்டவே இல்ல, ‘மக்கா, அவ பேறுக்கு வந்தவ, நீ வெளிச்சம் அடிச்சா எப்படி’ன்னு மட்டும் கேட்டார். திட்டியிருந்தா கூட பரவால்ல. குஞ்சுக்கும் அதே கதைதான், கடல் மேல தெரியிற வெளிச்சத்தை வச்சுத்தான் அது திசை பிடிக்கும், ரோட்டு லைட்டு அதைவிட பளிச்சுன்னு இருந்தா ரோட்டைப் பாத்துப் போயிரும்.

போறப்ப கருப்பு இல்லன்னா கடும் நிறத்துல சட்டை, சென்ட் வேண்டாம், பேச்சு வேண்டாம், அஞ்சாறு கிலோமீட்டர் மணல்ல நடக்க தெம்பு வேணும். அஞ்சு ராத்திரில நாலு ராத்திரி ஒண்ணும் பாக்க மாட்டீங்க. கூடு கண்டா லொக்கேஷனோட ஸ்டேட்டஸ் போடாதீங்க, தயவுசெஞ்சு. இதை ஒழுங்கா நடத்துறதுன்னா எப்படின்னு பாக்கணும்னா சென்னைல மாணவர்கள் சேந்து நடத்துற கடலாமை பாதுகாப்பு நெட்வொர்க் இருக்கு, 1988ல இருந்து சீசன் பூரா ராத்திரி நடக்கிறாங்க, வார இறுதில பொதுமக்களையும் கூட்டிட்டுப் போறாங்க. சொந்தக்காரங்க வீடு சென்னைல இருந்தா பிப்ரவரில ஒருதடவ போய்ட்டு வாங்க.

என் பொண்ணு கேட்டதுக்கு பதிலும் இங்கதான் கிடைச்சுச்சு. ஆமைக்கு நம்மள மாதிரி நுரையீரல், மேல வந்து மூச்சு விட்டாகணும், இழுவலைல மாட்டி ரொம்ப நேரம் அடில கிடந்தா மூச்சு முட்டி செத்துரும். 2025 ஜனவரில சென்னைக் கரைல நூத்துக்கணக்குல ஒதுங்கிச்சே, அதுக்குச் சொன்ன பெரிய காரணமும் இதுதான். நம்ம மாநிலத்துல கரைல இருந்து 5 கடல் மைலுக்குள்ள விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. செத்த ஆமையைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிட்டுப் போகாதீங்க, தேதி, இடம், ஓட்டு நீளம், துடுப்புல அடையாளத்துக்கு மாட்டின உலோக வில்லை ஏதும் இருக்கான்னு பாத்து எழுதி வனத்துறைக்குச் சொல்லுங்க.

பறவை, பாறை, ஆராய்ச்சி நிலையம்

பறவைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்ல. சுசீந்திரம், தேரூர், மணக்குடி குளங்கள் இருக்கு, சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022ல ராம்சார்ங்கிற உலக முக்கிய ஈரநிலப் பட்டியல்ல வந்துச்சு. ஜனவரில நீர்ப்பறவை கணக்கெடுப்பும் பொங்கல் நாள்ல பொங்கல் பறவை கணக்கெடுப்பும் நடக்கும், பறவைகளைப் பதியுற இபேர்ட் ஆப்ல அக்கவுண்ட் தொடங்கி பதினஞ்சு நிமிஷம் ஒரே இடத்துல நின்னு எண்ணிப் போட்டா நீங்களும் உள்ள. பைனாகுலர் கடன் வாங்குங்க, மொத மாசமே வாங்காதீங்க.

பாறைக்கு ஆள் கம்மி, ஆனா எனக்கு இதுதான் உசுரு. மும்பைல 2017ல இருந்து ‘மரைன் லைஃப் ஆஃப் மும்பை’ன்னு ஒரு கூட்டம் பொதுமக்களை கூட்டிட்டுப் போய் வத்தத்துல, அதாவது கடல் தண்ணி இறங்குற நேரத்துல, பாறைக் குழில இருக்கிற உயிரெல்லாம் காட்டுறாங்க. அதைப் பாத்துட்டு நாங்களும் கிளம்பினோம், போனப்பதான் ஒரு விஷயம் உறைச்சுச்சு, அங்க கடல் மீட்டர் கணக்குல ஏறி இறங்கும், நம்ம கரைல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் ஒரு மீட்டர் கூட வித்தியாசம் இல்ல. அதனால அமாவாசை, பௌர்ணமி ஒட்டின நாள்ல, வத்தம் முடியறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போய், வத்தம் முடிஞ்ச கையோட ஏறிடணும். பாத்ததை போட்டோ எடுத்து உயிரினங்களைப் பதியுற ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல போடுங்க, பேர் தெரியலன்னாலும் போடலாம், தெரிஞ்சவங்க சொல்லுவாங்க. கல்லைப் புரட்டினா அதே மாதிரி திருப்பி வைங்க, அடில இருக்கிறது வெயில் பட்டா செத்துரும்.

விழிஞ்ஞத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட மையமும் கடல்மீன் காட்சியகமும் இருக்கு, டிக்கெட் எடுத்துப் பாக்கலாம், பிள்ளைங்களுக்கு மொத ட்ரிப் அங்கேயே வைங்க. அந்த நிலையம் 1947 பிப்ரவரி 3ல தொடங்கினது, அந்த நாளை ஒட்டி அவங்க மையங்களை பொதுமக்களுக்கு திறந்து விடுறது வழக்கம், ஜனவரி கடைசில போன் போட்டு கேட்டுக்கிடுங்க. மலையாளம் வரலன்னு தயங்காதீங்க, நம்ம பாசை அவங்களுக்கு நல்லாவே வெளங்கும். ராஜாக்கமங்கலத்துல மனோன்மணியம் சுந்தரனார் பல்கலையோட கடல் அறிவியல் மையம் இருக்கு, ஸ்கூல்ல இருந்து லெட்டர் குடுத்துக் கேளுங்க. திருவனந்தபுரத்துல ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்’னு ஒரு அமைப்பு, கடப்புறத்து ஆளுங்களே கடலுக்கு அடில முங்கி பாரெல்லாம் (கடலடிப் பாறைத் திட்டு) படம் பிடிச்சு பதிவு பண்றாங்க, அவங்க பேச்சு எங்கயாவது நடந்தா லீவு போட்டாவது போங்க.

கடப்புறத்துல யார்ட்ட, எப்படி பேசுறது

மேல சொன்ன எதுலயும் கிடைக்காத பாடம் கரமடி, அதாவது கரைல நின்னு இழுக்கிற பெரிய வலை, இழுக்கிற இடத்துல கிடைக்கும். காலைல ரெண்டு பக்கமும் ஆள் நின்னு கயிறு இழுப்பாங்க. நின்னு வேடிக்கை பாத்தா ஒண்ணும் கிடைக்காது, போய் கயிறைப் பிடிங்க. அரை மணி நேரத்துல கை காப்பு காய்க்கும், ஆனா அதுக்கு மேல நீங்க கேக்கிறதுக்கெல்லாம் பதில் வரும். மடி கரை ஏறினதும் என்ன வகை வந்துச்சுன்னு எண்ணிப் பாருங்க, நெத்தோலிக்கு நடுவுல சின்ன வாளை, கணவாய், சொறி (ஜெல்லி மீன்), பேரே தெரியாத பத்து வகை. அதோட பேரை புத்தகத்துல தேடாதீங்க, பக்கத்துல நிக்கிற வயசான பாட்டாட்ட கேளுங்க.

ஜி.பி.எஸ் இல்லாத காலத்துல கரைல தெரியிற மலை, கோயில் கோபுரம், தென்னை ரெண்டு ரெண்டா நேர்கோட்டுல பிடிச்சு, அந்தக் கோடு ரெண்டும் வெட்டுற இடத்துல பார் இருக்குன்னு கண்டுபிடிப்பாங்க, திருவனந்தபுரம் பக்கம் இதுக்கு கணிச்சம்னு பேர். சிப்பி எடுக்க முங்குறவங்களுக்கு பாறையோட ஒவ்வொரு இடுக்கும் தெரியும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் ஓடுதுன்னு தண்ணியைப் பாத்தே சொல்லுவாங்க.

சில முறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை நம்ம கரைல கடலுக்குப் போக மாட்டாங்க, காலைல திருப்பலி. அதனால ஞாயிறு காலை எட்டு மணிக்கு கூட்டமா போய் இறங்கி மைக் வச்சீங்கன்னா மரியாதை போயிரும், பூசை முடியட்டும். கூட்டமா போறீங்கன்னா மொதல்லயே பங்குத்தந்தைட்டயும் ஊர்க் கமிட்டிட்டயும் சொல்லிருங்க, அவங்க சொன்னா ஊரே வந்து நிக்கும். பொம்பளையாளுங்க மீன் ஏலத்துல மும்முரமா இருக்கிறப்ப மூஞ்சிக்கு நேரா கேமரா நீட்டாதீங்க. முக்கியமா, பிளாஸ்டிக் போடாதீங்க, ஆமையைப் பிடிக்காதீங்கன்னு கிளாஸ் எடுக்காதீங்க. 2017 ஒக்கி புயல்ல ஆளைப் பறிகுடுத்த வீடு அங்க தெருவுக்குத் தெரு இருக்கு, கடல் என்னன்னு நம்ம சொல்லி அவங்க தெரிய வேண்டியதில்ல.

விசைப்படகு மீன்பிடித் தடைக்காலமும் தெரிஞ்சுக்கிடுங்க, இல்லன்னா போய் ஏமாறுவீங்க. நம்ம மாவட்டத்துல கிழக்குப் பக்கத்துக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14, மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1ல இருந்து ஜூலை 31, ஒரே மாவட்டம் ரெண்டு தடை. கேரளால டிராலிங் (இழுவலை) தடை ஜூன் 9 நள்ளிரவுல இருந்து ஜூலை 31 வரை, 52 நாள். அந்த நாள்ல ஹார்பர் வெறிச்சோடிக் கிடக்கும், ஆனா படகைப் பழுது பாக்கிறதும் வலை பின்னுறதும் நடக்கும், பேச ஆளுக்கு நேரம் இருக்கும். எனக்கு அதுதான் நல்ல சீசன்.

பயப்பட வேண்டியது

கள்ளக்கடல். காத்தும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவா இருக்கும், திடீர்னு அலை ஏறி வரும். தெக்க எங்கயோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடிச்ச புயலோட அலை நாள் கழிச்சு இங்க வந்து சேருது. ஏப்ரல், மே மாசத்துல அதிகம். 2024 மே மாசம் கணபதிபுரம் கடற்கரைல அஞ்சு மருத்துவ மாணவங்க அலைல சிக்கி செத்துப்போனது இந்த மாதிரி எச்சரிக்கை இருந்த நாள்லதான். ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை போடும், கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி பாத்துருங்க, எச்சரிக்கை இருந்தா நோட்டு எழுதறது எல்லாம் அடுத்த வாரம். பாறைல கடலுக்கு முதுகு காட்டி நிக்காதீங்க, செல்ஃபிக்குன்னா கேக்கவே வேண்டாம். கடலோர காவல் நம்பர் 1093, கோஸ்ட் கார்டு 1554, போன்ல சேவ் பண்ணிடுங்க.

டால்ஃபின், திமிங்கிலம் உயிரோட ஒதுங்கினா வாலைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, மூச்சு விடுற ஓட்டைல மணலோ தண்ணியோ போகாம, மேல ஈரத்துணி போட்டு, கூட்டத்தை விலக்கி, வனத்துறைக்கு சொல்லணும். 2016 ஜனவரில மணப்பாடு பக்கம் திமிங்கிலக் கூட்டமே ஒதுங்கினப்ப மீனவங்க திரும்பத் திரும்ப உள்ள தள்ளியும் பலதும் மறுபடி கரைக்கே வந்துச்சு. சங்கு, பவளத்துண்டு எதையும் வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க, பவளமும் சில வகை சங்கும் சட்டப்படி குத்தம், காலியான சங்குன்னு நினைச்சு எடுக்கிறதுக்குள்ள பாதி நேரம் ஒரு நண்டு குடியிருக்கும். என் பொண்ணு ஷோகேஸ்ல இருந்த நாலு சங்கையும் போன வருஷம் தேங்காப்பட்டணத்துல கொண்டு போட்டா, அதுல ஒண்ணு கன்னியாகுமரி கடைல நூத்தம்பது ரூவா குடுத்து வாங்கினது, நான் ஒண்ணும் சொல்லல.

அப்ப மொத நாளைக்கு பைல என்ன வேணும்னா, நோட்டு, பென்சில், ஏன்னா பேனா மை ஈரத்துல கலையும், தண்ணி, தொப்பி, பிடிமானம் உள்ள செருப்பு, ஒரு காலி சாக்கு. கருங்கல்ல இருந்து தேங்காப்பட்டணத்துக்கு காலைல மொத பஸ்ஸைப் பிடிங்க, மடி கரை ஏறுறதுக்குள்ள போய்ச் சேந்துரலாம்.